‘இன்னும் தெரியாதவை’ என்றொரு கட்டம்

இதை வாசிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, நான்குவழிச் சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கி இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றி, வயது மூப்பின் காரணமாக ஓய்வு பெற்றவன் நான். என் பெயர் சோலை. அண்மையில் அப்பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். இப்போது பள்ளிச் செய்திகள் யாவும் பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் போடப்படுகின்றனவாம். போட்ட அரைமணி நேரத்தில் ரோஜாப்பூப் படத்துடன் கூடிய காலை வணக்கங்கள் வரிசையாக வந்து விழுந்து, செய்தி கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடுகிறதாம். பழைய வாசல் பலகை நடந்த விதத்தை எழுதித் தர இயலுமா என்று கேட்டார். நானும் அக்குழுவில் இருப்பவன்தான். ரோஜாப்பூ அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் சொல்லாமல், எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

என் பள்ளிப்படிப்பு சொற்பம். அதற்கு மேற்பட்ட தமிழை எனக்குக் கற்பித்தவை அலுவலகச் சுற்றறிக்கைகளே. ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஒட்டுமுன் இரண்டு முறை படிப்பேன். நல்ல வாக்கியம் கண்டால் தனி நோட்டில் எழுதிக்கொள்வேன். பணிக்கான பயிற்சி இரண்டே நாட்கள் நடந்தது. அரிசி அளக்கவும், பருப்பு நிறுக்கவும், பதிவேடு எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சமையற்கூடத்துச் சாவி என் கைக்கு வந்தது. அவ்வளவே.

சமையற்கூடச் சுவரில் அன்றன்றைய உணவை எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. நான் அதைக் குச்சி குச்சியாக இல்லாமல், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அடியில் ஒரு கோடும் இட்டு எழுதுவேன். டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து எங்கள் பள்ளிக்கு மாறுதலாகி வந்த தலைமையாசிரியை செல்வராணி டீச்சர், வந்த மறுவாரம் அந்தப் பலகை முன் நின்றார். ‘வெஜிடபிள் பிரியாணி, மிளகு முட்டை’ என்று எழுதியிருந்தேன்.

“சோலை, ஒரு முட்டைக்கு இம்புட்டு அழகா எழுதுறீங்க. பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் எழுதுவீங்களா?” என்றார்.

எங்களுடையது இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளி. உள்ளே என்ன நடக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதெல்லாம் பிள்ளைகள் வாய்வழியாகத்தான் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண் பரிசோதனைக்கு மருத்துவர் வருகிறார் என்பது, ஊசி போட வருகிறார்கள் என்று ஊருக்குள் போய்ச் சேர்ந்து, அன்று பாதி வகுப்பு காலியாக இருந்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. இதை மாற்ற வேண்டும் என்பது டீச்சரின் எண்ணம். வகுப்பறையில் பயன்படாமல் கிடந்த கரும்பலகை ஒன்றை வாசல் சுவரில் பதித்து, மேலே ஒரு தகரமும் அடித்தோம். நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ‘முடிந்தவை’ என்றும், வலப்பக்கம் ‘வரப்போகின்றவை’ என்றும் தலைப்பிட்டேன்.

முதல் அறிவிப்பை என் நோட்டில் சேர்த்துவைத்திருந்த சொற்களைக் கொண்டு அமைத்தேன். ‘இதனால் சகல பெற்றோர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மேற்படி பள்ளி வளாகத்தில் குடிநீர் வசதி மேம்படுத்தப்படவிருப்பதை முன்னிட்டு’ என்று தொடங்கி ஒன்பது வரிகள் சென்றது. பிள்ளைகளை விட வந்தவர்கள் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். பள்ளிக்கு எதிரே சைக்கிள், இருசக்கர வாகனங்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர் காதர் பாய். அவருடைய பேத்தி எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தார்.

“என்ன சோலையண்ணே, பள்ளிக்கூடத்து மேல யாரும் கேசு போட்டுட்டாகளா?”

குழாய் வருகிறது என்று விளக்கினேன். “குழா வருதுன்னு சொல்ல இம்புட்டா?” என்று கேட்டுவிட்டு, தூரத்தில் நின்றவர்களைப் பார்த்து, ஒன்றும் பயமில்லை, தண்ணீர்தான் என்று அவரே அறிவித்தார்.

டீச்சர் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்த பின் அவர் ஏற்படுத்திய நடைமுறையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எதையும் பலகையில் எழுதுமுன் ஒரு தாளில் எழுதி, அவர் முன் உரக்கப் படிக்க வேண்டும். அவர் தலைமையாசிரியையாக அமர்ந்து கேட்க மாட்டார். எழுந்து வாசலுக்குப் போய், கையில் பிள்ளையைப் பிடித்திருப்பவரைப் போல நின்று கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான்.

“இதை வாசிச்சவங்க முதல்ல என்ன கேப்பாங்க?”

அந்தக் கேள்விக்கான விடையை அறிவிப்பின் அடியிலேயே எழுத வேண்டும். பல் பரிசோதனை என்றால், கட்டணம் உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்று எழுது. ஆண்டு விழா என்றால், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பார்கள். கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்து எழுது. என் ஒன்பது வரிகள் மூன்றாகச் சுருங்கின. எனக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பத்தடி தூரத்தில் நின்றவர்கள் பலகையருகே வரத் தொடங்கியதும் அவ்வருத்தம் போய்விட்டது. எழுத்தறியாதவர்களுக்குக் காதர் பாய் உரக்கப் படித்துச் சொல்வார். படிக்கும்போது தம் சொந்தக் கருத்தையும் இடையிடையே சேர்த்துக்கொள்வார். அதைத் தடுக்க எங்களால் கடைசிவரை இயலவில்லை.

நாளடைவில் இரண்டு விதிகள் உருவாயின. பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறையின் கட்டட வேலை முடிந்த அன்று, நான் அதை ‘முடிந்தவை’ பக்கம் எழுதிவிட்டேன். சாவி ஒப்பந்தக்காரரிடமே இருந்தது. குழாய் இணைப்பும் தரவில்லை. “போர்டுல கக்கூசு தொறந்திருக்கு, பள்ளிக்கூடத்துல பூட்டியிருக்கு” என்று காதர் பாய் இரண்டு நாட்களுக்குப் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அதன் பின், பிள்ளை ஒன்று பயன்படுத்தாத எதையும் ‘முடிந்தவை’யில் எழுதக் கூடாது என்றார் டீச்சர். இன்னொரு முறை, வந்துபோன அதிகாரி ஒருவர் கணினி தருவதாக வாய்மொழியாகச் சொன்னதை நம்பி எழுதினோம், அது வரவேயில்லை. ஆகவே, ஆணைத்தாள் கையில் இல்லாத எதையும் ‘வரப்போகின்றவை’யில் எழுதக் கூடாது என்பது இரண்டாம் விதியாயிற்று.

இவ்விரண்டாம் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் என் பணிக்காலத்தின் பெருந்தவற்றை நான் செய்தேன்.

எங்கள் பள்ளியில் கான்கிரீட் கட்டடம் ஒன்றும், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றும் இருந்தன. ஓட்டுக் கட்டடம் பாதுகாப்பற்றது, இடித்துவிட்டுப் புதிது கட்டித் தர வேண்டும் என்று டீச்சர் பலமுறை எழுதியிருந்தார். அவர் ஐந்து நாள் பயிற்சிக்காக மதுரைக்குப் போயிருந்த வாரம், ஆணை வந்தது. இடிப்பதற்கு மட்டும். புதிது கட்டுவதற்கான ஆணை தனியாக வரும் என்றார், தாளைக் கொண்டுவந்தவர். கூடவே வந்த பணியாள் ஒருவர் ஓட்டுக் கட்டடச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டுவிட்டுச் சென்றார்.

கையில் இருக்கும் தாளில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். ‘வரப்போகின்றவை: ஓட்டுக் கட்டடம் அடுத்த மாதம் இடிக்கப்படும்.’ அழகாகவே எழுதினேன். அடியில் கோடும் இட்டேன். வாசலில் பிள்ளையோடு நிற்பவராக நின்று கேட்க அன்று டீச்சர் இல்லை. நான் அப்படி நின்று பார்க்கவும் இல்லை.

நான்குவழிச் சாலை போட்டபோது எங்கள் பகுதியில் எந்தெந்த வீட்டுச் சுவரில் அந்தச் சிவப்புக் குறி விழுந்ததோ, அந்த வீடுகள் ஒரு மாதத்திற்குள் இல்லாமல் போயின. அக்குறி எங்கள் மக்களுக்கு வேறு எந்தச் செய்தியையும் சொல்லாது. மறுநாள் காலை மணி அடிக்குமுன் ஏழு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஈஸ்வரி. கட்டட வேலையில் சித்தாள்; மகள் மூன்றாம் வகுப்பில் படித்துவந்தாள். சேலைக்கு மேல் வேலைச் சட்டையும், கையில் தூக்குவாளியுமாக, வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்.

நான் பதறிப்போய், பள்ளி மூடப்படவில்லை, புதுக் கட்டடம் வரும் என்றேன். ஈஸ்வரி நிதானமாகக் கேட்டார்.

“பேப்பர் வந்துருச்சாண்ணே?”

“இடிக்கிறதுக்கு வந்திருக்கு.”

“கட்டுறதுக்கு?”

“அது தனியா வரும்னு சொன்னாங்கம்மா.”

“நாங்க எம்புட்டு இடிச்சிருக்கோம்ணே. இடிக்கச் சொன்னவுக எல்லாம் கட்டச் சொன்னதில்ல.”

அவர் சொன்னதன் முழுப் பொருளையும் ஐயா, அம்மா, தாங்கள் அறிய வேண்டும். ஏழு பிள்ளைகள் போனால் அவர்களைப் பார்த்து இன்னும் ஏழு பேர் போவார்கள். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு ஆசிரியர்களில் ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அதன் பின் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். பக்கத்துப் பள்ளி நான்குவழிச் சாலைக்கு அந்தப் புறம் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் இருமுறை அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். ஈஸ்வரி அஞ்சியது அதற்குத்தான். அந்த நிலை வருமுன், கடன்பட்டேனும் வேன் அனுப்புகிற தனியார் பள்ளியில் மகளைச் சேர்த்துவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். அதாவது, என் ஒற்றை வரி பள்ளியை மூடிவிடக்கூடும். அவ்வரியில் பொய் ஒன்றும் இல்லை.

தலைமையாசிரியை வந்துதான் சான்றிதழ் தர முடியும் என்று சொல்லி உதவி ஆசிரியர் அவர்களை அனுப்பிவைத்தார். நான் டீச்சருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் தெரிவித்தேன். மறுநாள் அரைநாள் அனுமதி பெற்றுக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றேன். அவர் பலகையைப் படித்தார். பின்பு வாசலுக்கு வெளியே போய் நின்று மீண்டும் படித்தார்.

“சோலை, இதை வாசிச்சவங்க முதல்ல என்ன கேப்பாங்க?”

“கட்டுவீங்களான்னு கேப்பாங்க டீச்சர்.”

“ம்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. திட்டியிருந்தால் இத்தனை ஆண்டுகளில் மறந்திருப்பேன்.

அன்று மாலையே பெற்றோர் அனைவரும் அழைக்கப்பட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் பாய் விரித்து அமரச் செய்தோம். டீச்சர் தாம் அனுப்பிய கடிதங்களின் நகல்களை எல்லாம் காட்டினார். எவருடைய முகமும் மாறவில்லை. ஈஸ்வரி எழுந்தார்.

“டீச்சர், நீங்க நல்லவுக. ஒங்க மேல கொறை இல்ல. புதுக் கட்டடம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க.”

வரும் என்று சொல்லிவிடுவது எளிது. நான் டீச்சர் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். டீச்சர் கையிலிருந்த தாள்களை மடித்துப் பாயின்மேல் வைத்தார்.

“எனக்குத் தெரியாது ஈஸ்வரி.”

ஒரு தலைமையாசிரியை ஊரார் முன்னிலையில் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

“இதை போர்டுல எழுதுவீகளா?” என்றார் ஈஸ்வரி. அது பாதி சவால், பாதி கிண்டல்.

“எழுதுவோம். சோலை, சாக்பீஸ் எடுங்க.”

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பலகையின் அடிப்பகுதியில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மூன்றாவதாக ஒரு கட்டம் அமைத்தேன். தலைப்பு என்னவென்று கேட்டேன். ‘இன்னும் தெரியாதவை’ என்றார் டீச்சர். அதனடியில், புதுக் கட்டடத்துக்கு ஆணை இன்னும் வரவில்லை, கேட்டிருக்கிறோம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிலவரம் இங்கே எழுதப்படும் என்று எழுதினேன்.

ஈஸ்வரி ஒரு நிபந்தனை வைத்தார். “திங்கக்கெழம வேலைக்குப் போறப்ப பாத்துட்டுத்தான் போவேன். ஒரு வாரம் எழுதாட்டியும் அன்னைக்கே டீசி வாங்கிருவேன்.”

“எழுதலைன்னா நானே ஒங்க வீட்டுக்குக் கொண்டுவந்து தாரேன்” என்றார் டீச்சர்.

அந்த வாரமே இருவர் மட்டும் சான்றிதழ் பெற்றுப் போனார்கள். ஏனையோர் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க இசைந்தார்கள்.

ஓட்டுக் கட்டடம் ஆணைப்படி அடுத்த மாதமே இடிக்கப்பட்டது; கட்டுவதற்கான ஆணை வரவில்லை. பின் வந்த மாதங்களில் ஒரு திங்கட்கிழமையையும் நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூட, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து எழுதிவிட்டுப் போனேன். எழுதியது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: ‘இந்த வாரம் பதில் இல்லை.’ ஆனால் வெறுமனே அதை மட்டும் எழுத டீச்சர் விடமாட்டார். பதில் வர நாம் என்ன செய்தோம் என்று கேட்பார்கள் அல்லவா? ஆகவே கடிதம் அனுப்பிய வாரம் அதையும், நேரில் போன வாரம் அதையும் சேர்த்து எழுதினோம். மதுரையில் தல்லாகுளத்துப் பக்கமுள்ள கல்வி அலுவலகத்துக்கு டீச்சர் போகும்போது பெற்றோரில் இருவரை உடன் அழைத்துப் போவார். ஒருமுறை ஈஸ்வரி அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வந்தார். அங்கே அவர் கேட்ட கேள்விகளைப் பற்றி டீச்சர் பல நாட்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்டாராம். இன்னும் ஆணையே வரவில்லையம்மா என்றார்களாம். அதனாலென்ன, மண் அங்கேயேதானே இருக்கிறது, தோண்டிப் பார்த்து வைக்கலாமே என்றாராம்.

காதர் பாய் கடையில் இது வாரந்தோறும் நடக்கும் கூத்தாகிவிட்டது. நான் சாக்பீஸை எடுக்குமுன்பே அங்கிருந்து குரல் வரும். “அண்ணே, நான் சொல்லட்டா? ‘பதில் இல்லை.’” காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுதுவேன். சிரித்தாலும் எல்லோரும் வந்து படித்தார்கள்.

இப்படியிருக்க, ஒரு நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பலகையில் அடுத்தடுத்துப் பல திங்கட்கிழமைகளின் ‘பதில் இல்லை’கள் வரிசையாக இருந்தன. ஏனெனில் பழையவற்றை அழிக்கக் கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்தால் அலுவலகத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள், இதை முதலில் அழியுங்கள் என்றார் அவர். நான் துடைக்கும் துணியைத் தேடத் தொடங்கினேன். டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பணிவாகவே சொன்னார்.

“அழிச்சிரலாம் சார். அழிச்சிட்டு அந்த எடத்துல என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க. அதையே எழுதுறோம்.”

அதிகாரி பலகையை மேலிருந்து கீழே மறுபடி படித்தார். என்ன எழுதச் சொன்னாலும் அது ஒரு வாக்குறுதியாகிவிடும் அல்லவா? மோரைக் குடித்து முடித்தார். கடைசியில், எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகவாவது எழுதக் கூடாதா என்றார். புறப்படும்போது பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பின் மூன்றாம் வாரம் ஆணை வந்தது. படத்துக்கும் ஆணைக்கும் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் காதர் பாய் இன்றளவும் சாதித்துவருகிறார்.

ஆணை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள் வரை காத்திருக்க டீச்சருக்கே மனம் வரவில்லை. உடனே எழுதச் சொன்னார். செய்தி எட்டி, ஈஸ்வரி மாலையில் சிமெண்டு ஒட்டிய கைகளோடு நேராக வந்தார். பலகையைப் படித்தார், தாளைக் காட்டச் சொன்னார். அலுவலக முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சரி, பேஸ்மட்டம் போடட்டும், பாப்போம்” என்று சொல்லிப் போனார். எனினும் போகும்போது முகம் மலர்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

கட்டடம் எழுந்தபோது ஒப்பந்தக்காரரிடம் பேசி அவர் அங்கேயே சித்தாளாக வேலைக்கு வந்துவிட்டார். அதன் பின் என் வேலை மிக எளிதாயிற்று. பொறியாளரிடம் கேட்டால் ‘பணி நடைபெற்று வருகிறது’ என்பார். ஈஸ்வரியிடம் கேட்டால், இன்று தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள், வியாழக்கிழமை கான்கிரீட், அன்று பிள்ளைகளை இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்வார். அதை அப்படியே பலகையில் எழுதுவேன். வெள்ளையடித்த மறுநாள், முடிந்தது என்று எழுதும்படி ஒப்பந்தக்காரர் என்னை நெருக்கினார். ஈஸ்வரி ஒரு வாளித் தண்ணீரை வகுப்பறைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் வாசலை நோக்கி ஓடாமல் மூலையில் போய்த் தேங்கியது.

“இதுல என் மக ஒக்காருவாளா? பேசாம சரிவு போட்டுக் குடுங்க மேஸ்திரி” என்றார், தாம் கூலி வாங்குகிறவரிடமே.

தரை மீண்டும் போடப்பட்டது. அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே போய் அமர்ந்து வாய்ப்பாடு சொன்ன பிறகே, ‘முடிந்தவை’ பக்கம் புதுக் கட்டடத்தை எழுதினேன்.

அந்த ஆண்டு கோடை விடுமுறை தொடங்குமுன், ஒரு காலை நேரத்தில் ஈஸ்வரி தம் இளைய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனுக்குத் தலை சீவி, புதுச் சட்டை போட்டிருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சேர்க்கை பற்றிய சுற்றறிக்கை இன்னும் வரவில்லை; பலகையில் எதுவும் எழுதவும் இல்லை.

“இன்னும் போர்டுல போடலையேம்மா” என்றேன்.

“போடாட்டி என்னண்ணே. போடுவீகல்ல?”

அவர் பையனின் பிறப்புச் சான்றிதழை என் மேசைமீது வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். பையன் என்னிடம் நின்றான். சேர்க்கைப் பதிவேட்டில் வரப்போகும் கல்வியாண்டுக்கான முதல் பெயரை டீச்சர் அன்றே பென்சிலால் குறித்துவைத்தார். சுற்றறிக்கை வந்த பின் மையால் எழுதினார்.

ஐயா, அம்மா, எனக்குத் தெரிந்தது இவ்வளவே. இதை எழுதிய தாள்கள் எட்டும் ஆசிரியை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. பள்ளியின் கோப்பு ஒன்றில் இவற்றைச் சேர்த்து வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சோலை,
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு)